சிறைக்கோட்டத்துக்கும் ஒரு சாளரம் வேண்டும்

காஞ்சி மாநகருக்கும் மணிமேகலைக்கும் உள்ள உறவைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். வற்கடம் வாட்டிய காலத்தே அமுதசுரபியுடன் இந்நகர் புகுந்து பசிப்பிணி தீர்த்தவள் அவள். ஆயின், கச்சி புகுவதற்கு முன்னரே புகார் நகரில் அவள் ஆற்றிய வேறொரு செயலே இன்று நம் சிந்தனைக்கு உரியது. அந்நகரின் சிறைக்கோட்டத்துள் நுழைந்து, பசியால் நலிந்திருந்தோரைத் தன் கண்ணால் கண்டு உணவளித்தாள். அச்செய்தி காவலர் வாயிலாக மன்னனுக்கு எட்டிற்று. அதன் பின்னரே சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆயிற்று. இதற்கெனத் தனியொரு காதையே அமைத்தார் சீத்தலைச் சாத்தனார்.

நிகழ்ச்சிகளின் வரிசையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். முதலில் வெளியார் ஒருவர் உள்ளே சென்றார், கண்டார். பிறகே அரசு அறிந்தது. அதன் பிறகே மாற்றம் நிகழ்ந்தது. காப்பியம் அங்கேயும் நிற்கவில்லை. உதயகுமரன் இறந்தபின் அதே மன்னனின் ஆணையால் மணிமேகலையே சிறைப்பட்டாள். ஓர் அரசனின் ஒருநாள் இரக்கம் நிலையான காவல் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவ்வெண்ணம் நம் உள்ளத்தில் எழக் காரணம், 2020-ஆம் ஆண்டில் உலகை முடக்கிய கொரோனாப் பெருந்தொற்று. அந்நாளில் காஞ்சியின் தறிகள் ஓய்ந்தன. கோயில்களும் பள்ளிவாசல்களும் கதவடைத்தன. நாமும் வீட்டுக்குள் முடங்கினோம். விலகி நிற்பதே மருந்து என்று நமக்குச் சொல்லப்பட்டது. ஆனால் விலகி நிற்க இடமே இல்லாதவர்கள் இருந்தனர். ஓர் அறையில் பலர் படுத்துறங்கும் சிறைவாசிகளைப் பற்றி நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்தோம்?

உச்ச நீதிமன்றம் எண்ணிப் பார்த்தது என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். 2020 மார்ச் மாதத்தில் தானாகவே இப்பொருளை வழக்காக எடுத்துக்கொண்ட அம்மன்றம், மார்ச் 23-ஆம் நாள் ஒவ்வொரு மாநிலத்திலும் உயர்நிலைக் குழு அமைக்க ஆணையிட்டது. எவரெவரை இடைக்காலப் பிணையிலோ பரோலிலோ விடுவிக்கலாம் என்பதை அக்குழு முடிவு செய்தது. இரண்டாம் அலையின்போது, 2021 மே 7-ஆம் நாள், மீண்டும் அவ்வாறே ஆணை பிறந்தது. எனினும் நெருக்கம் நீங்கியதா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 2020-ஆம் ஆண்டின் முடிவில் 118 பேர் இருந்தனர். 2021-இன் முடிவில் 130 பேர் இருந்தனர். அவர்களுள் நான்கில் மூவர்க்கு மேற்பட்டோர் குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள். விடுதலைக்குக் குழு இருந்தது. உள்ளே எஞ்சியிருந்தோர் எந்நிலையில் உள்ளனர் என்று நேரில் சென்று காணும் கண்தான் இல்லை. உறவினர் நேர்காணல் நிறுத்தப்பட்டது. வழக்கறிஞர் வருகை அருகியது. காணொளி அழைப்பு வசதி ஓரளவு ஆறுதல் தந்தது என்பது மெய்யே. ஆனால் காவலர் அருகிருக்கப் பேசும் மகன், தாயிடம் தன் துயர் அனைத்தையும் கூறிவிட இயலுமா?

தமிழ் மண்ணில் பிறந்த ஒரு முதியவரின் கதையை இங்கே நினைவுகூர்கிறோம். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டு மும்பையை அடுத்த தலோஜா சிறையில் வைக்கப்பட்டார். நடுக்குவாத நோயால் கைநடுங்கிய அவர், நீர் பருக ஓர் உறிஞ்சுகுழல் வேண்டி நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. 2021 மே இறுதியில் உயர் நீதிமன்ற ஆணையால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின்னரே அவருக்குக் கொரோனாத் தொற்று இருந்தமை தெரியவந்தது. சூலை 5-ஆம் நாள், தம் 84-ஆம் வயதில், விசாரணைக் கைதியாகவே மறைந்தார். அவர்மீதான வழக்கின் நியாயத்தை நாம் இங்கு ஆராயவில்லை. நாம் கேட்பது ஒன்றே: வாரந்தோறும் ஒரு மருத்துவரும் ஒரு பொதுமனிதரும் அச்சிறைக்குள் தடையின்றிச் சென்று வந்திருப்பின், ஓர் உறிஞ்சுகுழலுக்கு நீதிமன்றம் தேவைப்பட்டிருக்குமோ?

2020 சூனில் சாத்தான்குளத்தில் நிகழ்ந்ததும் நம் நெஞ்சை விட்டு அகலாதது. ஊரடங்கு நேரம் கடந்தும் கடை திறந்திருந்ததாகக் கூறிப் பிடித்துச் செல்லப்பட்ட வணிகரும் அவர்தம் மகனும் கோவில்பட்டிக் கிளைச்சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தனர். காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம், சிறைவாயில் என நான்கு படிகளை அவர்கள் கடந்தனர். ஒரு படியிலேனும் அவர்களைத் தடுத்துக் காக்கும் கை நீளவில்லை. பின்னர், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து நடுவர் ஒருவரை அக்காவல் நிலையத்துக்கு அனுப்பியதும், பெண் காவலர் ஒருவர் துணிந்து சான்றுரைத்ததுமே உண்மை வெளிவர வழி வகுத்தன. தற்சார்பான கண் ஒன்று உள்ளே நுழைந்தவுடன் என்ன நிகழும் என்பதை நாடு அன்று கண்டது. ஆனால் அது இரண்டு உயிர்கள் போன பின்னர் நுழைந்த கண்!

அண்டை நாடான இலங்கையில், மஹர சிறையில் தொற்றுக்கு அஞ்சிய கைதிகளிடையே 2020 நவம்பர் 29-ஆம் நாள் மூண்ட கலவரத்தில் 11 பேர் மாண்டனர். அச்சமும் செய்தியின்மையும் கூடினால் சிறைச்சுவர் எரிமலையாகும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லையோ எனின், உண்டு. தமிழ்நாட்டுச் சிறை விதிகள், 1983, அலுவல்சார் பார்வையாளர், அலுவல்சாராப் பார்வையாளர் என இரு வகையினரைக் குறிப்பிடுகின்றன. 1979-இல் சுனில் பத்ரா வழக்கில், கைதி ஒருவர் எழுதிய மடலையே மனுவாக ஏற்ற நீதியரசர் கிருஷ்ண ஐயர், மாவட்ட நீதிபதிகள் சிறைகளை நேரில் பார்வையிட வேண்டும் என்றும், சிறைகளில் குறைதீர் பெட்டிகள் வைக்க வேண்டும் என்றும் வழிகாட்டினார். 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகள், துறைசார் ஆய்வோடு சிறைத்துறையைச் சாராத புற ஆய்வும் வேண்டும் என்கின்றன. விதி உண்டு, நாட்டின் பல சிறைகளில் அப்பார்வையாளர் இருக்கைகள்தாம் வெற்றிடமாகக் கிடந்தன.

'பார்வையாளர்களே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவர்' என்று சிலர் கூறலாம். இது புறந்தள்ளத்தக்க வாதம் அன்று. ஆயினும் காவலர் நாள்தோறும் வீடு சென்று திரும்புகின்றனர். உணவுப் பொருள்கள் வருகின்றன. புதிய கைதிகள் வருகின்றனர். நோய் நுழைய இத்துணை வழிகள் இருக்க, உண்மை நுழையும் வழியை மட்டும் அடைப்பது முறையாகாது. இங்கிலாந்தில் சிறை ஆய்வாளர்கள் முழு ஆய்வை நிறுத்தியபின், 2020 ஏப்ரலிலேயே குறுகிய நேர ஆய்வைத் தொடங்கினர். பரிசோதனையும் முகக்கவசமும் கொண்டு மருத்துவர் உள்ளே செல்லலாமெனில், பார்வையாளரும் செல்லலாம் அன்றோ?

'தமிழ்நாட்டுச் சிறைகளில் நெருக்கடி குறைவு' என்பாரும் உளர். அப்பெருந்தொற்றுக் காலத்தில் அது உண்மையே, பாராட்டுக்குரியதே. ஆயினும் நன்று நடக்கும் சிறைக்கே புறச்சான்று பெரிதும் பயன்படும். இதனைக் காஞ்சியில் வாழும் நமக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை. பட்டுச்சேலையின் சரிகை தூயதென்று நெய்தவர் சொல்வதோடு நாம் அமைவதில்லை, சோதித்துப் பார்க்கிறோம். அதனால் நேர்மையான நெசவாளிக்கு இழுக்கில்லை. அவர் பெயரே நிலைபெறுகிறது. நேர்மையான சிறை அலுவலருக்கும் அதுவே பொருந்தும்.

எனவே நாம் வேண்டுவன இவை. ஒவ்வொரு சிறைக்கும், கிளைச்சிறைக்கும், பார்வையாளர் குழு முழுமையாக அமைக்கப்பட வேண்டும். அதில் ஒரு மருத்துவரும் ஒரு பெண்ணும் கட்டாயம் இடம்பெற வேண்டும். முன்னறிவிப்பின்றிச் செல்லவும், கைதியுடன் தனித்துப் பேசவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். பேசியவரைப் பழிவாங்காமல் காக்கும் பொறுப்பை மாவட்ட நீதிபதி ஏற்க வேண்டும். அறிக்கை மக்கள் பார்வைக்கு வர வேண்டும். தொற்றுக் காலத்தில் இப்பணி இன்றியமையாப் பணியாக அறிவிக்கப்பட வேண்டும்.

இந்நகர் ஈன்ற அறிஞர் அண்ணா சிறையிலிருந்தபோது எழுதிய மடல்கள், 'கைதி எண் 6342' என்னும் தலைப்பில் தமிழகம் எங்கும் படிக்கப்பட்டன. எழுதத் தெரிந்தவருக்குச் சிறைச்சுவரும் சாளரம் ஆகும். எழுதத் தெரியாத தறித்தொழிலாளியின் மகனுக்கு யார் எழுதுவார்? வறியவர்க்கும் அனாதைக்கும் உணவளிப்பதோடு சிறைப்பட்டோர்க்கும் உணவளிப்பதை ஒரே தட்டில் வைத்துப் போற்றுகிறது இசுலாம். மணிமேகலையைத் தந்த பௌத்தமும் அவ்வாறே கண்டது. நெறிகள் வேறாயினும் இரக்கம் ஒன்றே.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் சிலர் வழக்கறிஞராகவும், மருத்துவராகவும், அலுவலராகவும் விளங்குவீர்கள். பார்வையாளர் இருக்கை ஒன்று உங்களை நாடி வரின், அதை வெறும் பதவியாகக் கொள்ளாதீர்கள். மணிமேகலை நுழைந்த அதே வாயில் அது. உள்ளே செல்லுங்கள்; காணுங்கள்; கண்டதை அஞ்சாது உரையுங்கள்.