அட்டையில் யாருடைய வாக்கியம்?

போராட்டத்துக்கு முதல் நாள் குடியிருப்பில் கூடி சார்ட் அட்டையில் முழக்கம் எழுதுவதைச் சில்லறை வேலை என்று நினைக்கிறோம். ஆனால் யாருடைய வலி எந்தச் சொல்லில் வெளியே போகும் என்பது அங்கேதான் முடிவாகிறது.

1968 பிப்ரவரியில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குப்பை லாரியின் எந்திரத்தில் நசுங்கி இரண்டு கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வும் சங்க அங்கீகாரமும் அவர்களது கோரிக்கைகள். ஆனால் ஏந்திய அட்டையில் இருந்தது, "நான் ஒரு மனிதன்." நரைத்த கறுப்பின ஆணையும் 'பையா' என்று கூப்பிட்ட வெள்ளை நிறவெறிக்கு அதுவே பதில். அட்டைகள் அச்சில் ஓடியவைதான். வாக்கியமோ அவர்கள் தினமும் கேட்ட சொல்லிலிருந்து பிறந்தது.

இங்கும் பேரன் வயதுப் பையன் 'வாடா' என்று கூப்பிடும் பெரியவர்கள்தான் மலக்குழியில் இறக்கப்படுகிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. படித்த நாம் மார்க்கரை எடுத்தால் இந்தச் சட்டத்தையும் தீர்ப்பையும்தான் எழுதுவோம். அவை மனுவில் இருக்கட்டும்.

தோழர்களே, அட்டைக்கு முன்னால் முதலில் கேளுங்கள்: உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? அதற்கு என்ன பதில் சொல்ல நினைத்தீர்கள்? சொன்னதைப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். எழுதத் தெரிந்தவர் அங்கே இருந்தால் மார்க்கரை அவரிடம் கொடுத்துவிடுங்கள். நாளை நிருபர் மைக்கை நீட்டும்போது, அட்டையை ஏந்தியவரே அதற்குப் பொருள் சொல்வார்.