அபராதத்துக்கு அஞ்சி வாங்கிய கெபாசிட்டர்

திருவக்கரை என்றதும் வக்கிரகாளியம்மன் சந்நிதியையும், ஆதிகாலத்தில் கல்லாய்ச் சமைந்த மரங்களையும் நினைப்பவர்களே அநேகர். எனினும், அவ்வூரைச் சூழ்ந்த குவாரிகளையும் கிரஷர்களையும் கருதும்போது, நமது மின்கட்டண விதிகளில் மறைந்து கிடக்கும் ஒரு விபரீதத்தை விளக்க அதனினும் பொருத்தமான இடம் வேறில்லை என்றே தோன்றுகிறது.

பாறையை ஜல்லியாக்கும் மோட்டார்கள், உழைப்புக்கான மின்சாரத்தோடு காந்தப்புலத்துக்கென வேறொரு பங்கையும் இழுப்பதால் பவர் ஃபேக்டர் தாழ்கிறது. 18.6 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள தாழ்வழுத்த இணைப்புகளில் அது 0.85-க்கும், உயர் அழுத்த இணைப்புகளில் 0.90-க்கும் கீழே போனால் அபராதம் என்பது தமிழ்நாட்டு விதியாதலால், ஆலைக்காரர் கெபாசிட்டரை வாங்கி மாட்டி நிம்மதி அடைகிறார். அதில் குற்றமில்லை. ஆனால் அதே டிரான்ஸ்ஃபார்மரில் யாரேனும் வேகத்தை மாற்றும் டிரைவ் ஒன்றை இணைத்துவிட்டால், 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் 250, 350 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக் ஓட்டங்களும் வந்து கலக்கின்றன. 5 சதவீத இம்பிடன்ஸ் கொண்ட 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரோடு 200 கேவிஏஆர் கெபாசிட்டர் சேர்ந்தால், ஏறத்தாழ 350 ஹெர்ட்ஸிலேயே ஒத்ததிர்வு பிறக்கும். ஊஞ்சலை அதன் போக்கறிந்து உந்தினாற்போல், அற்பமாயிருந்த ஓட்டம் பன்மடங்காகும். டிரைவ் வைத்தவர் ஒருவராயிருக்க, உப்பி வெடிப்பது அயலாரின் கெபாசிட்டராகவும் இருக்கலாம்.

இதற்குப் பரிகாரம் புதிதன்று. கெபாசிட்டரோடு 7 சதவீத ரியாக்டரைத் தொடராக இணைத்தால், அவ்விரண்டின் இசைவு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, ஐந்தாம் ஹார்மோனிக்கின் அபாயம் விலகும்; ஆயினும் 415 வோல்ட் லைனில் கெபாசிட்டர்மீது அப்போது 446 வோல்ட் விழுமாதலால், 440 வோல்ட் கெபாசிட்டரையே வைத்துச் சிக்கனம் பிடிப்பது நஷ்டத்தில் முடியும். ஹார்மோனிக்கை விலக்குவதோடு நில்லாமல் உறிஞ்சியே எடுக்க விரும்புவோர், ஃபில்டரை 250 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, 235 ஹெர்ட்ஸ் அளவில் அமைப்பர். முதுமையால் கெபாசிட்டர் தேயத் தேய இசைவு மேலேறும் என்பதே காரணம். அத்தகைய ஃபில்டர் அண்டை ஆலைகளின் அழுக்கையும் இழுத்துக்கொண்டு சூடேறக்கூடுமாகையால், அளந்து பாராமல் நிர்மாணிப்பது விவேகமாகாது.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொணரும் நேர்மின்னோட்டத் தடத்தில், ஃபில்டர்கள் திட்டத்தின் அங்கமாகவே நிறுவப்பட்டன. பெரிய நிலையத்துக்கு அவசியமென்று ஒப்புக்கொண்ட முன்யோசனை, சிறிய டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்? ஹார்மோனிக் வரம்பை மீறினால் கட்டணத்தில் 15 சதவீத இழப்பீடு என்னும் விதி உயர் அழுத்த நுகர்வோரோடு நின்றுவிடுகிறது. பவர் ஃபேக்டர் அபராதமோ சிறிய ஆலைவரை நீள்கிறது. கெபாசிட்டரை வாங்கச் சொல்லும் சட்டம், அதன் பின்விளைவை அளக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். கிரஷர்கள் நெருங்கிய இடங்களிலும் திண்டிவனத்துச் சிப்காட்டிலும் டிரான்ஸ்ஃபார்மர்தோறும் ஹார்மோனிக்கை மின்வாரியமே அளந்து, தேவைப்படும் இடங்களில் ரியாக்டரில்லாத கெபாசிட்டருக்கு அனுமதி மறுப்பதே நியாயமான தொடக்கம்.