கழிவெண்ணெய் கூறும் கதை

மோட்டார் வண்டியிலிருந்து வடித்தெடுத்த கறுத்த எண்ணெயை நாம் என்ன செய்கின்றோம்? கறையான் ஏறாதிருக்க மரத்தூணிற் பூசுகின்றோம். மிஞ்சியதை ஒரு மூலையில் வைத்து மறந்துவிடுகின்றோம். அவ்வெண்ணெயில் ஒரு சிறு போத்தலளவு, எஞ்சினின் உள்நிலையை அதனைத் திறவாமலே கூறிவிடும் என்றால் வாசகர் நகைக்கவுங் கூடும். ஆயினும், அமெரிக்காவின் டென்வர் - ரியோ கிராண்ட் புகையிரதக் கம்பனியார் 1940களின் பிற்பகுதியிலேயே தம் டீசல் எஞ்சின்களின் பழைய எண்ணெயை இவ்வாறு ஆராய்ந்தனர். எண்ணெயைக் கடுஞ்சூட்டில் எரித்து, அப்போது எழும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், எந்த உலோகம் எவ்வளவு தேய்ந்து கலந்துள்ளது என்பது புலப்படும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற நுண்ணளவிற் கணக்கிடுவர்.

இச்சோதனையின் அருமையை நன்கு காட்டுவது, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பனியார் 2007 முதல் 2013 வரை விற்ற எம் 3 என்னும் வேகக் காராகும். எட்டுச் சிலிண்டர், நான்கு லீற்றர். நிமிடத்துக்கு 8000 சுற்றுக்கு மேலும் ஓடும். பிஸ்டனைக் கிராங்குத் தண்டுடன் இணைக்கும் கோலின் அடியில், அரைவட்டத் தகடுகளாக அமைந்த பெயாரிங்குகள் உள. இவை காலத்துக்கு முன்பே தேய்வது அவ்வண்டிக்குரியோர் பலர் அறிந்த குறை. தேய்ந்து இறுகினால் கோல் முறிந்து எஞ்சினின் சுவரையே துளைத்து வெளிவரும். பின்னர் வேறு எஞ்சின் தேடுவதே வழி.

முந்திய வண்டிகளில் இத்தகடுகள் ஈயமும் செம்பும் கலந்தவை. ஆகவே எண்ணெயில் ஈயம் ஏறினால் தகடு தேய்கின்றது என ஊகிக்கலாம். பிந்திய வண்டிகளிலோ அலுமினியமும் வெள்ளீயமும் கொண்ட தகடுகளை இட்டனர். அவற்றின் எண்ணெயில் ஈயம் இல்லையென மகிழ்வது வீண் மகிழ்ச்சி.

நிற்க. ஒரே ஒரு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு கூறல் சோதிடமே யன்றி ஆராய்ச்சியன்று. ஒரே தூர இடைவெளியில் எடுத்த நான்கு சோதனைகளில் ஈயம் 3, 4, 4 என்று நின்று, பின் 15 ஆனதெனக் கொள்வோம். அந்தப் பாய்ச்சலே செய்தி. இடையிற் புது எண்ணெய் ஊற்றியிருந்தால் உண்மை அளவு நீர்த்துப்போயிருக்கும். அதையும் குறித்து வைத்தல் வேண்டும். செம்பு, எண்ணெய் குளிரூட்டியிலிருந்தும் கரைந்து வரலாம். சிலிக்கன் கூடினால் காற்று வடிகட்டி வழியே தூசி புகுகின்றதோ எனப் பார்க்க. சோடியம், பொட்டாசியம் கூடினால் குளிர்நீர் கசிகின்றதோ என ஐயுறுக. பெற்றோல் கலந்தால் எண்ணெயின் தடிப்புக் குறையும்.

இன்னொன்றையும் மறைத்தலாகாது. இக்கருவி ஏறத்தாழ 5 - 8 மைக்ரோனுக்கு உட்பட்ட சிறு துகள்களையே நன்கு காணும். பெருந்துகள்கள் அதன் கண்ணுக்குத் தப்பி வடிகட்டியிலே தங்கும். அறிக்கை நன்றாயிருக்கத் தகடு தேய்ந்திருந்த எஞ்சின்களும் உள. எனவே எண்ணெய் வடிக்கும்போது வடிகட்டியின் தாள்மடிப்பை அறுத்து விரித்து, வெயிலிற் பிடித்துப் பார்த்தல் நன்று.

முந்திய வகை எம் 3 ஒன்று ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர் ஓடியிருந்து, பழைய அறிக்கை ஒன்றும் இல்லாதிருப்பின் என்ன செய்வது? எண்ணெய் எச்சரிக்கும்வரை காத்திருத்தல் தகாது என்பதே நம் கருத்து. எஞ்சினை வெளியே எடாமலே கீழிருந்து பெயாரிங்குகளை மாற்றிவிடலாம். அச்செலவு கசக்கும், புது எஞ்சினின் விலையோ அதனினும் பன்மடங்கு. மாற்றிய பின்னரே எண்ணெய்ச் சோதனையைத் தொடங்குக.

எண்ணெய் எடுக்குமுன் வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்குதல் வேண்டும். முதலில் விழுவதும் வேண்டாம், கடைசியில் வடிவதும் வேண்டாம். நடுவே ஒழுகுவதை, ஈரமில்லாத சுத்தமான போத்தலில் 100 மில்லிலீற்றர் அளவு பிடித்து, வண்டி ஓடிய மொத்தத் தூரத்தையும் அவ்வெண்ணெய் ஓடிய தூரத்தையும் அதன்மேல் எழுதி அனுப்புக.