வீட்டுத் தோட்டம்: இஞ்சிப்பூச் செடிக்கு என்ன கோளாறு?

இஞ்சி போல இலை, பட்டாம்பூச்சி போல வெள்ளைப் பூ, மாலையானால் வாசல்வரை வீசும் மணம்! இதுதான் இஞ்சிப்பூ. கேரளத்தில் கல்யாண சௌகந்திகம் என்பார்கள். பீமன் திரௌபதிக்காகத் தேடிப்போன பூ இதுவே என்பது அங்கே நம்பிக்கை. கியூபா நாட்டின் தேசிய மலரும் இதுதான்.

நாத்தனார் பாலக்காட்டிலிருந்து கொண்டுவந்த கிழங்கை ஆசையாய் நட்டேன். மறு வருஷமே இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது. 'ஆரணி வெயிலுக்கு இது ஆகாது' என்று பிடுங்கப் போனேன். மாமியார்தான் தடுத்தார்: "செடியைக் குத்தம் சொல்றியே, நீ என்னத்த ஊத்தறே? அதைப் பாரும்மா முதல்ல!"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை நீக்குவோம். அலசின தண்ணீர் வீணாகிறதே என்று பாத்திக்குத் திருப்பியிருந்தேன். சோடா உப்பு மண்ணில் சேர்ந்தால் எந்தச் செடியும் கருகும். பக்கத்திலேயே குழந்தைகளுக்குப் பறிக்கும் கீரைப்பாத்தி வேறு! அன்றே வாய்க்காலை அடைத்தேன். கிழங்கைப் பெயர்த்து, மக்கிய எரு கலந்த புது மண்ணில் நட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். புதுக் குருத்து பச்சைப்பசேலென்று வந்தது. சகோதரிகளே, சோப்புத் தண்ணீரோ சாயத் தண்ணீரோ, தோட்டத்துக்கு, முக்கியமாய்க் கீரைக்கு, வேண்டவே வேண்டாம்.

மற்ற தொல்லைகள்:

பூக்கவில்லையா? முழு நிழலில் இலைதான் வளரும். காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடமாக மாற்றுங்கள். ஒரு தண்டு ஒரு முறைதான் பூக்கும். பூத்து ஓய்ந்ததை அடியோடு நறுக்கிவிடுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதரைப் பிரித்து நடுங்கள்.

கிழங்கு அழுகுகிறதா? ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன் மேட்டுப்பாத்தி கட்டுங்கள். கிழங்கை ஆழமாகப் புதைக்காதீர்கள். அழுகின பாகத்தை வெட்டி எறியுங்கள்.

நடுக்குருத்து மட்டும் காய்கிறதா? தண்டில் துளையும், அதில் பொடிப்பொடியாய்க் கழிவும் இருந்தால், இஞ்சி மஞ்சளைத் துளைக்கும் அதே புழுதான். அந்தத் தண்டை வெட்டி எரித்துவிடுங்கள்.

கோடையில் இலையடியில் நூலாம்படை போலிருந்தால் அது செம்பேன். இலையின் அடிப்பக்கம் நனையும்படி தண்ணீரை வேகமாகத் தெளித்தால் குறையும்.

இப்போது என் வீட்டுக் கிணற்றடியில் நான்கு புதர்கள். பூ வாடும் முன் சாமி படத்துக்கு ஒன்று, மாமியார் தலைக்கு ஒன்று!