பிரிஜ் கதவில் ஒரு பாதிப் போத்தல்

பெற்றோரே, உங்கள் வீட்டுப் பிரிஜ் கதவை ஒருதரம் திறந்து பாருங்கள். சோஸ் போத்தலுக்குப் பக்கத்தில் அரைவாசியோடு நிற்கும் அந்தப் பாணி மருந்து எந்த மாதத்தது? ஜம்பட்டா வீதியிலும் ஜிந்துப்பிட்டியிலும் வெள்ளவத்தை மாடி வீடுகளிலும் அப்படியொரு போத்தல் இல்லாத வீடு குறைவு. பிள்ளைக்குக் காதுக்குத்து வந்தது. டொக்டர் ஏழு நாளுக்கு அன்ரிபயோட்டிக் எழுதினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, நான்காம் நாள் பிள்ளை மொன்டிசூரிக்குப் போய்விட்டது. மருந்து அத்தோடு நின்றது. இரண்டு மாதம் கழித்துத் தம்பிக்குக் காது வலித்தால் அதே போத்தலைத்தான் குலுக்குகிறோம். தண்ணீர் விட்டுக் கலக்கிய அந்த மருந்து ஒன்றிரண்டு கிழமைக்கு மேல் தாங்காது என்பதை யார் யோசித்தோம்?

அலட்சியக்காரர் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. இரவெல்லாம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் நாம். செவ்வாய்க்கிழமை மாலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். காதில் பஞ்சு வைத்த குழந்தையோடு வரிசையில் நிற்கும் தாய்மார் தெரிவார்கள். அன்பில் குறைவில்லை. ஆனால் பகல் வேளை மருந்து கொடுக்க வேண்டிய நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கிறது? வகுப்பில், பிறகு வானில், பிறகு எலகியூஷனில். முதலாம் தரத்து நேர்முகத்துக்கு இன்னும் சில மாதம்தான் என்று ஐந்து வயதுப் பிள்ளையின் பொழுதைப் பங்குபோட்டுவிட்டோம். அதில் நோய்க்கென்று ஒரு மணி நேரமும் ஒதுக்கவில்லையே, ஏன்?

இன்னொரு பக்கம், வீட்டில் அம்மம்மா உள்ளி போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை இளஞ்சூட்டில் காதுக்குள் விடுகிறார். பிள்ளை கொஞ்சம் அமைதியாகும். ஆனால் சீழ் கட்டியிருப்பது செவிப்பறைக்கு உள்ளே, நடுச்செவியில். பறை ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புத்தான், என்றாலும் மூன்று அடுக்கு. வெளி அடுக்கு நம் தோலைப் போன்றது, எண்ணெயையும் சொட்டு மருந்தையும் உள்ளே விடாது. பறை ஏற்கெனவே கிழிந்திருந்தாலோ எண்ணெய் போகக்கூடாத இடத்துக்கே போய்விடும். பாமசியில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளும் அப்படித்தான். ஜென்டாமைசின் போன்றவை கிழிந்த பறை வழியாக உட்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே கெடுக்கலாம். உள்ளே பறை எப்படி இருக்கிறது என்று யாரையும் பார்க்கச் சொன்னோமா?

இந்த மெல்லிய பறை மறித்து நிற்பதால்தான் ஒரு தேக்கரண்டிகூடக் கொள்ளாத அந்த நடுச்செவிக்காக உடம்பு முழுவதற்கும் மருந்து ஊட்டுகிறோம். வயிற்றோட்டம் வருகிறது, தோலில் தடிப்பு வருகிறது, கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. அமெரிக்காவில் பொஸ்டன் சிறுவர் மருத்துவமனையின் டேனியல் கோஹேன் என்ற மருத்துவர், சின்னப் பிள்ளைக்கு வாய்வழியே அன்ரிபயோட்டிக் கொடுப்பதைச் சண்டைக் கலை என்றே வர்ணித்தார். அவரும் ரோங் யாங் உள்ளிட்ட குழுவினரும் 2016இல் ஒரு ஜெல்லைப் பற்றி எழுதினார்கள். வெளிக்காதுக்குள் விடும்போது திரவம்; உடற்சூட்டில் பறைமேல் ஜெல்லாகப் படிந்துவிடும். அதில் சிப்ரொஃப்ளொக்சசினோடு, பறையின் தோலடுக்கைச் சற்றே நெகிழ்த்தி மருந்துக்கு வழிவிடும் இரசாயனங்களும் உண்டு. ஒரே தடவை விட்டால் போதும். காது அமைப்பில் மனிதரை ஒத்த சின்சில்லா என்னும் கொறிணியில் சோதித்தபோது பத்துக்குப் பத்தும் ஏழு நாளில் குணமாயின. சாதாரணச் சொட்டு மருந்தில் குணமானவை 62.5 சதவீதம்.

வேறு வழிகளும் உண்டு. 2015இல் அமெரிக்கா அனுமதித்த ஒரு மருந்து, காதில் குழாய் வைக்கும் அறுவையின்போது டொக்டரே ஒரு தடவை நடுச்செவிக்குள் விடுவதற்கானது. 2019இல் அனுமதி பெற்ற ஒரு கருவி, மெல்லிய மின்னோட்டத்தால் மரப்பு மருந்தைப் பறைக்குள் செலுத்துகிறது. குழந்தையை முழு மயக்கத்தில் ஆழ்த்தாமலே குழாய் வைத்துவிடலாம். பொஸ்டன் ஜெல் மட்டும் இன்னும் பாமசிக்கு வரவில்லை.

அது நாளைக்கே கொச்சிக்கடைக்கு வந்தால் என்ன செய்வோம்? காலையில் விட்டுவிட்டுப் பத்து மணிக்கே பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்போம் என்றுதான் எனக்குப் படுகிறது. 'ஒரு நாளும் வீணாகவில்லை' என்று பெருமையும் பேசுவோம். அன்ரிபயோட்டிக் எழுதாத டொக்டரை 'இவருக்கு என்ன தெரியும்' என்று விட்டு அடுத்த டிஸ்பென்சரிக்குப் போகிறவர்கள் அல்லவா நாம்? இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு, ஒரு காதில் மட்டும் இலேசான தொற்று என்றால், வலிக்குப் பனடோல் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்த்திருப்பதும் வைத்தியம்தான். அது டொக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. அந்த மூன்று நாளைத்தான் நம்மால் கொடுக்க முடியவில்லை.

அதைவிட மோசமானது பிறகு வருகிறது. பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டுகிறது. சொல்வதெழுதலில் பாதி பிழை. 'கவனமே இல்லை' என்று மிஸ் குறிப்பு எழுதுகிறார், நாம் இன்னொரு ரியூஷன் சேர்க்கிறோம். கிருமி போனாலும் நடுச்செவியில் நீர் தேங்கி நிற்கும். ஒரு மாதத்தின் பின்னும் பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு அது இருக்கும், மூன்று மாதத்தில் பத்தில் ஒன்றுக்கு. அதுவரை பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், தெருவில் சிங்களம் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் திணிக்கிறோமே, அடைத்த காதோடு ஒரு குழந்தை எதைப் பிடித்துக்கொள்ளும்? அந்தப் பிள்ளைக்கு விழுந்த குட்டெல்லாம் யார் கணக்கில்?

ஆகவே, பகல் வேளை தவறும் என்றால் மறைக்காமல் டொக்டரிடமே சொல்லுங்கள். இரண்டு வேளையாகக் கொடுக்கக்கூடிய மருந்து உண்டா என்று கேளுங்கள். மருந்து முடிந்து ஒரு மாதத்தில் மறுபடி காதைக் காட்டுங்கள். மூன்று மாதமாகியும் பிள்ளை 'என்ன, என்ன' என்று கேட்டால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் கேள்திறனைச் சோதியுங்கள். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள். எலகியூஷன் மிஸ்ஸிடம் இந்தக் கிழமை வரமாட்டாள் என்று சொல்லிவிடுங்கள். கட்டிய காசு திரும்பாதுதான்.