தாயின் தலையில் கட்டாதீர்கள்

சூளூர்பேட்டைப் பக்கம் படிப்பு ஏறாத ஒரு பையனுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்: வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக இருப்பது, சொந்தத்தில் செய்த கல்யாணம், தாய் கொண்டுவந்த குறை. கூடவே ஒரு தீர்ப்பு: மருந்தில்லாத நோய்க்குச் சோதனை எதற்கு? நான்குமே தவறு. நான்காவதோ, குடும்பங்களைக் கெடுக்கும் தவறு.

வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்து இரண்டிலும் தேறிய பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பாடம் நடத்தியவரே இப்படிப் பேசுவது வெட்கக்கேடு.

அடுத்து, சொந்தக் கல்யாணம். பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கு முதன்மையான காரணம் ஃப்ரஜைல் எக்ஸ். அதற்குரிய எஃப்எம்ஆர்1 மரபணுவை 1991இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் சிஜிஜி என்ற மூன்றெழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வரும். பொதுவாக 45 தடவைக்குள். 200ஐத் தாண்டினால் மரபணு அடைபட்டு, மூளைக்கு வேண்டிய ஒரு புரதம் உருவாகாது. பழுதான ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம் போதும். தாய்மாமனைக் கட்டினாலும் அசலில் கட்டினாலும் ஒன்றுதான். சொந்தக் கல்யாணத்தால் கூடும் மரபு நோய்கள் வேறு; இது அந்த வகை அல்ல.

இனி, தாய் மீது சுமத்திய பழி. இந்தத் துண்டு 55 முதல் 200 தடவை வரை உள்ள தகப்பன் அதைத் தன் பெண்கள் எல்லோருக்கும் கொடுப்பான், மகனுக்குக் கொடுக்க மாட்டான். அவன் கணக்கில் புலியாக இருக்கலாம். மகளிடமிருந்து பேரனுக்குப் போகும்போதுதான் எண்ணிக்கை எகிறுகிறது. பேரனுக்குப் பேச்சு தாமதிப்பதும், அறுபதுக்கு மேல் தாத்தாவுக்குக் கை நடுங்குவதும், சித்திக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிலக்கு நிற்பதும் இந்த ஒரே மரபணுவின் வேலையாக இருக்கக்கூடும். தாத்தாவிடமிருந்து வந்ததற்கு, புகுந்த வீட்டில் ஏற்கெனவே ஏச்சு வாங்குகிறவளைக் குற்றவாளி ஆக்குவது அறியாமை மட்டும் அல்ல, கொடுமை.

வேரோடு போக்கும் மருந்து இல்லை, உண்மை. வலிப்புக்கும் பதற்றத்துக்கும் மருந்து உண்டே? பேச்சுப் பயிற்சி உண்டே? அந்தத் தாயின் தங்கை கருவுறும் முன்பே தன் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? சோதனையைத் தடுப்பவர் அவளுடைய உரிமையைப் பறிக்கிறார். சோதனைக்குத் தேவை கொஞ்சம் ரத்தம்தான்.

“எக்ஸோம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை” என்று ஆறுதல் அடைந்த பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வழக்கமான எக்ஸோம் மரபணுச் சோதனை இந்த சிஜிஜி துண்டுகளை எண்ணாது. வேலூர் சிஎம்சி போன்ற மருத்துவமனையின் மரபியல் பிரிவுக்குப் போனால், ஃப்ரஜைல் எக்ஸ் சோதனை என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.