திறவுகோல் யார் கையில்?

வீட்டை விலைபேசி, உரிய தொகையை ஒரு காசும் குறையாமல் எண்ணி வாங்கிக்கொண்ட ஒருவன், திறவுகோலை மட்டும் தன் மடியிலேயே முடிந்துகொண்டு, "சில ஆண்டுகள் கதவைத் திறந்துவிடுவேன், அதன்பின் திறவேன், வேண்டுமாயின் வேறு வீடு வாங்கிக்கொள்க" என்பானாயின், அவனை எந்த ஊரார் பொறுத்துக்கொள்வர்? ஆயினும் கணினி வாணிகத்தில் இஃது அன்றாட நடைமுறையாகிவிட்டது. பொறுத்துக்கொள்வோரும் கற்றறிந்தோராகவே உள்ளனர். பொருள் வாங்கியவனுடையது, அதன் உயிரோ விற்றவனுடையது என்னும் இம்முறைகேட்டை ஓர் எடுத்துக்காட்டால் தெளியலாம்.

திரையும் செயலியும் நினைவகமும் ஒலிபெருக்கியும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய கணினியை ஓருடற் கணினி என்னலாம். அமெரிக்க நாட்டு ஆப்பிள் நிறுவனம் 2014ஆம் ஆண்டு அத்தோபர்த் திங்களில், ஐமாக்கு என்னும் தன் ஓருடற் கணினியில் புதுவகையொன்றை வெளியிட்டது. அதன் 27 அங்குலத் திரையில் குறுக்கே 5120, நெடுக்கே 2880 என மொத்தம் 1 கோடியே 47 இலக்கத்து 45 ஆயிரத்து 600 படப்புள்ளிகள் உள்ளன. ஓரங்குல நீளத்தில் 218 புள்ளிகள் நெருங்கி நிற்றலின், புள்ளி கண்ணுக்குத் தெரியாது. எழுத்து மட்டுமே அச்சிட்ட தாளில் நிற்பதுபோல் நிற்கும். அவ்வாண்டிலேயே டெல் நிறுவனம் அறிவித்த, அதே புள்ளி எண்ணிக்கையுடைய தனித்திரையின் விலையும் இம்முழுக் கணினியின் விலையும் ஏறத்தாழ 2500 தாலராகவே இருந்தன. திரையின் அருமை அத்தகையது.

அத்தகைய பொறிக்கு நேர்ந்தது என்ன? 2014ஆம் ஆண்டின் பொறிக்கு, 2020இல் வந்த இயங்குதளத்தோடு கதவு அடைபட்டது. 2015ஆம் ஆண்டினதற்கு 2021இல் வந்த பதிப்பே இறுதி. 2017ஆம் ஆண்டினதற்கு 2022இல் வந்ததே இறுதி. 2019ஆம் ஆண்டினதற்கு 2024இல் வந்ததே இறுதி. 2025இல் வெளிவந்த பதிப்போ, இண்டெல் செயலியுடைய பொறிகள் அனைத்திற்குமே இறுதியானது என்று அந்நிறுவனமே அறிவித்துவிட்டது. பழைய பதிப்புக்குக் காப்புத் திருத்தங்கள் நின்றுபோகின்றன. உலாவிகளும் ஒவ்வொன்றாக அதனைக் கைவிடுகின்றன. அஞ்சலும் வங்கியும் இணையத்தில் நடைபெறும் இந்நாளில், திருத்தம் பெறாத பொறி தாழில்லாத வீட்டுக்கு ஒப்பாகும். இத்தனைக்கும் கண்ணாடியில் கீறல் இல்லை, செயலி சோரவில்லை. பழுதானது பொறியன்று, விற்றவனின் மனமே.

இஃது ஒரு நிறுவனத்தின் குற்றமட்டுமன்று. மைக்ரோசாப்டு நிறுவனம் 2016இல் சர்பேசு சுடுடியோ என்னும் ஓருடற் கணினியை 4500க்கு 3000 புள்ளித் திரையுடன் வெளியிட்டது. ஐந்தே ஆண்டுகளில், தானே செய்த அப்பொறியைத் தன் விண்டோசு 11க்குத் தகுதியற்றது என்று தானே தள்ளிவைத்தது. விண்டோசு 10இன் பொதுப் பேணலும் 2025 அத்தோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது.

மேசைக் கணினியாயின் பெட்டியை மாற்றித் திரையை வைத்துக்கொள்ளலாம். ஓருடற் கணினியிலோ திரையும் பெட்டியும் ஒட்டிப்பிறந்த இரட்டையர். பழைய ஐமாக்குகள் சிலவற்றை வேறொரு கணினிக்கு வெறுந்திரையாக இணைக்க வாய்ப்பிருந்தது. 5120 புள்ளித் திரையுடையவற்றில் அவ்வாய்ப்பும் இல்லை. ஆதலின் இயங்குதளம் இறந்தால் திரையும் உடன்கட்டை ஏறவேண்டியதாகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 இலக்கம் தன்னெடை மின்கழிவைக் குவித்தது என்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகத் திரட்டி மீளாக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் உலக நாடுகள் அவையின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அக்குவியலில் நல்ல கண்ணாடியையும் கொண்டுபோய்க் கொட்டுவது அறிவுடைமையாகுமா?

இங்கேதான் இலினக்சின் பெருமை விளங்குகிறது. 1991இல் பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் இலினசு தோர்வால்டுசு அதன் உட்கருவை எழுதி வெளியிட்டார். 1983இல் இரிச்சர்டு சுடால்மன் அறிவித்த குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் முயற்சி அதற்கு உடலாயிற்று. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். பத்தாண்டு கடந்த பொறியைத் தள்ளிவிடும் ஊதிய வேட்கை அதற்கில்லை. ஆப்பிளின் புதிய பதிப்பையே பழைய பொறியில் ஒட்டுப்போட்டு ஏற்றுவாரும் உளர். அது திறவுகோலை இரவல் வாங்குதலேயன்றி உரிமையாக்குதல் அன்று. இண்டெல் பொறிகளுக்கு இனிப் புதுப்பதிப்பே இல்லை என்றான பின்னர் அவ்விரவலும் எத்துணை நாளைக்கு?

இலினக்சை ஏற்றினால் எல்லாம் இனிதே முடியும் என்று கூறுதலும் பொய்யாகும். இடர்களை மறைத்து ஒன்றைப் புகழ்தல் விளம்பரக்காரர் தொழில். முதலாவது இடர் அத்திரையினாலேயே வருவது. அந்நாளைய இணைப்பு முறை, அத்துணைப் புள்ளிகளையும் நொடிக்கு அறுபது முறை ஒரே ஓடையில் செலுத்தும் வலிமையுடையதன்று. ஆதலின் படம் இடப்பாதி, வலப்பாதி என இரண்டு ஓடைகளாகச் சென்று திரையில் ஒன்றுசேர்கிறது. இவ்விரண்டையும் இணைக்கத் தவறினால், 3840க்கு 2160 என்னும் குறைந்த அளவிலேயே திரை நின்றுவிடுவதுண்டு. 2018 தொடக்கத்தில் வந்த 4.15ஆம் உட்கருவில் ஏ.எம்.டி. வரைவியல் சில்லுகளுக்கான காட்சிப்பகுதி புதிதாக அமைக்கப்பட்டது. எனவே பழைய பொறிக்குப் பழைய இலினக்சே பொருந்தும் என்று எண்ணுதல் பிழை; பழைய பொறிக்கே புதிய உட்கரு வேண்டும்.

இரண்டாவது, எழுத்தின் அளவு. இத்துணை நெருங்கிய திரையில் எழுத்துகள் எறும்பு போலச் சிறுத்துத் தோன்றும். இருமடங்காகப் பெருக்கும்படி அமைத்தால் 2560க்கு 1440 என்னும் இடப்பரப்பு கிடைக்கும். ஒரு புள்ளிக்கு நான்கு புள்ளிகள் நின்று எழுத்து கூர்மைபெறும். ஒன்றரை மடங்கு, ஒன்றேகால் மடங்கு என்று பின்னத்தில் இறங்கினால் பழைய செயலிகள் சில மங்கலாகத் தோன்றக்கூடும். முழு எண்ணே நன்று.

மூன்றாவது, அருகலை. இப்பொறிகள் சிலவற்றிலுள்ள பிராடுகாம் சில்லுக்கான இயக்கி திறந்த மூலமாக இன்மையால் தனியே சேர்க்கவேண்டியதாகலாம். ஏற்றும் நாளில் கம்பியிணைப்பு கைவசம் இருத்தல் வேண்டும். நான்காவது, விசிறியின் விரைவு; சூடு ஏறினால் அதனை ஆளுதற்குச் சிறு நிரலொன்று சேர்த்தல் நலம். 2020ஆம் ஆண்டுப் பொறியில் டி2 என்னும் காவற்சில்லு உண்மையால், முதலில் அதன் கட்டுப்பாட்டைத் தளர்த்தவேண்டும்.

இவற்றுக்கு அஞ்சுவோர், தட்டில் உள்ள எதனையும் தொடாமலே வெள்ளோட்டம் பார்க்கலாம். விரற்பேழை போன்ற நினைவுக்கோலில் இலினக்சைப் பதிந்து, பொறியைத் தொடங்கும்போது 'ஆப்சன்' விசையை அழுத்தியிருந்து அதனைத் தேர்ந்தால் போதும். சுழலும் வன்தட்டுடைய பொறியாயின், புறத்தே திண்மநிலை வட்டொன்றை இணைத்து அதிலேயே இயக்கினால் விரைவு பன்மடங்காகும். 27 அங்குலப் பொறியின் முதுகில் உள்ள சிறுகதவைத் திறந்து நினைவகத்தையும் பெருக்கிக்கொள்ளலாம். புதுப்பொறியின் விலையோடு ஒப்பிட இச்செலவு சிறிது.

தமிழர்க்கு இதில் தனிப்பயனும் உண்டு. சுழியும் வளைவும் மிக்கது தமிழெழுத்து. நெருங்கிய திரையில்தான் ணகரத்தின் சுழிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் தெளிவாகத் தோன்றும். மெய்ப்புத் திருத்துவோரும் பழஞ்சுவடிப் படங்களைப் படிப்போரும் இதனை எளிதில் உணர்வர். 1999இல் சென்னை மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை இலினக்சில் உள்ளது. குனோம், கேடிஇ ஆகிய முகப்புகள் தமிழில் பெயர்க்கப்பட்டுள்ளன. அப்பெயர்ப்பு இன்னும் முழுமையுறவில்லை. 'ஃபைல்' என்று ஒலிபெயர்த்த இடத்தில் 'கோப்பு' என்று எழுதவேண்டுமாயின், அயல்நாட்டு நிறுவனத்தின் வாயிலில் மனுவேந்தி நிற்கவேண்டுவதில்லை. தமிழறிந்த எவரும் திருத்தி அனுப்பலாம். குறைகூறுவோர்க்குப் பஞ்சமில்லை, திருத்துவோர்க்கே பஞ்சம்.

விலைகொடுத்து வாங்கிய பொருளை அது உழைக்கும்வரை ஆள்வது வாங்கியவன் உரிமை. அவ்வுரிமை உழைப்பின்றி வாராது. இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளைக் கேட்கும். சிறிது படிக்கச் சொல்லும். ஒன்றிரண்டு முறை தோற்கவும் வைக்கும். அவ்வளவேனும் தர மனமில்லாதவன் ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை புதுத்திறவுகோலுக்குப் பணம் கட்டிக்கொண்டேயிருக்கவேண்டியதுதான். வீட்டின் மூலையில் துணிபோர்த்திக் கிடக்கும் நல்ல திரையைக் கழிவுக்காரனுக்கு எடைபோடுமுன், அதில் ஒருமுறை இலினக்சை ஏற்றிப் பார்க்க. கதவு திறக்கும், திறவுகோலும் உரியவன் கைக்கு வரும்.